எங்கள் வீட்டில் யாரும் படிக்காத பர்மா

எங்கள் வீட்டில் பர்மா என்றால் ஹென்சாடா. ஹென்சாடா என்றால் போன நிலம். ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, சின்ன வயசிலேயே அங்கே ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, எடுபிடி வேலைக்குப் போய், மேலாளருக்கு அடுத்த படியான அடுத்தாள் வரைக்கும் உயர்ந்தவர். ஆனால் பர்மாவைப் பற்றி அவர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. பேசினதெல்லாம் அப்பத்தாதான். இத்தனைக்கும் அவர் பர்மாவைக் கண்ணால் கண்டதில்லை. அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போகிற ஆம்பிளைகள் பெண்டாட்டியைக் கூட்டிப் போவதில்லை. அப்பா சிங்கப்பூருக்கு, செட்டியார்கள் கடை வைத்திருந்த மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிக்கு வந்து, பிறகு குடும்பத்தையும் இங்கே கொண்டுவந்தபோது அப்பத்தா எப்போதாவது வந்து தங்குவார். எங்கள் வீடு இருந்தது பெகு ரோடு பக்கம். சுற்றிலும் ரங்கூன் ரோடு, மாண்டலே ரோடு, மௌல்மீன் ரோடு, ஐராவதி ரோடு. வெள்ளைக்காரன் பர்மாவையே பெயர்ப்பலகையில் எழுதி நட்டுவைத்த பேட்டை. அப்பத்தாவுக்கு அந்தப் பலகைகளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"நாம என்ன திருடியா வச்சிருந்தோம்? கடன் வாங்கினான், கட்ட முடியலை, எழுதிக் குடுத்தான். அப்புறம் சுதந்திரம்னு சொல்லிப் புடுங்கிக்கிட்டான்."

எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த பர்மிய வரலாறு மொத்தமும் இதுதான். சிங்கப்பூர்த் தமிழர்களிடம் இன்னொரு பர்மா உண்டு. அது நேதாஜியின் பர்மா. 1943 அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் ஆசாத் ஹிந்த் அரசைப் பிரகடனம் செய்தார், அடுத்த ஜனவரியில் தலைமையகம் ரங்கூனுக்குப் போனது, அங்கிருந்து இம்பால். நிலம் போன கதை, படை போன கதை. இரண்டிலும் பர்மாக்காரர் ஒருவர்கூட வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர்கள் என்ன எழுதினார்கள், எதைக் கேட்டார்கள் என்று எங்கள் பக்கம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் கணக்குப் பார்க்கிற தொழிலில் இருப்பவள். அப்பத்தாவின் வாக்கியத்தில் "கட்ட முடியலை" என்ற இடத்தில் எனக்குப் பேனா நின்றுவிடும். ஏன் முடியவில்லை? 1929-க்குப் பிறகு உலக மந்தத்தில் நெல் விலை சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் கீழே போய்விட்டது. கடன் மட்டும் பழைய விலையிலேயே நின்றது. 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த விளைநிலம் சுமார் 6 சதவீதம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 சதவீதம். நியாயமாகச் சொன்னால் கடைக்காரர்களுக்கு நிலத்தின்மேல் ஆசையில்லை. வயலை வைத்துக்கொண்டு வட்டிக்கடை என்ன செய்யும்? அவர்களும் வங்கியில் வாங்கி, ஊரில் டெபாசிட் பிடித்துத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் பேரேட்டில் கடன் என்றிருந்தது நிலம் என்று பக்கம் மாறியது. நேற்று வரை தன் வயலில் உழுதவன் அதே வயலில் குத்தகைக்காரன் ஆனான். சட்டப்படி எல்லாம் சரி. பத்திரத்தில் ஒரு கையெழுத்துகூடப் பிசகில்லை. அந்தக் குத்தகைக்காரனின் மகன் ரங்கூனுக்குப் படிக்கப் போய், அங்கே ஒரு துண்டுப் பிரசுரம் கையில் கிடைத்தால் அவன் என்னவாக மாறியிருப்பான்?

சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா பிளாசாவைத் தெரியாதவர் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் பாதி ரங்கூன் இருக்கும். மொஹிங்கா, தேயிலை சாலட், வீட்டுக்குப் பணம் அனுப்புகிற கடைகள், வெற்றிலை வாசனை. அந்த வட்டாரத்தில் பழைய நோட்டு விற்கிற ஒரு கடையில் இரண்டு பர்மிய நோட்டுகள் வாங்கினேன். ஒன்று 45 கியாட், இன்னொன்று 90 கியாட். இப்படியும் நோட்டு அடிப்பார்களா என்று கேட்டால், பர்மாவை ஆண்ட ராணுவத் தலைவர் நே வின் அடித்தார். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாது என்று அறிவித்துவிட்டு, ஒன்பதால் வகுபடும் நோட்டுகளை இறக்கினார். ஒன்பது அவருக்கு ராசி எண்ணாம். சனங்களின் சேமிப்பு போனது போனதுதான். அடுத்த வருடம் நாடே தெருவுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

45 கியாட்டில் இருப்பவர் தக்கின் போ ஹ்லா ஜீ, 1938-ல் எண்ணெய் வயல் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை ஏற்றவர். 90 கியாட்டில் சாயா சான். மருந்தும் மந்திரமும் தெரிந்த ஆள். 1930 டிசம்பரில் தாராவாடியில் வரிக்கும் வறுமைக்கும் எதிராக விவசாயிகளைத் திரட்டிக் கிளம்பினார். பச்சை குத்தினால் துப்பாக்கிக் குண்டு இறங்காது என்று அவரோடு வந்தவர்கள் நம்பினார்கள். 1931 நவம்பரில் தூக்கிலிட்டார்கள். தாராவாடி ஐராவதிக்குக் கிழக்கே, ஹென்சாடா மேற்கே. கிளர்ச்சி ஆற்றைத் தாண்டி ஹென்சாடாவுக்கும் வந்தது. ஐயா அப்போது அங்கேதான் இருந்தார். இதைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தேர்ந்தெடுத்த அரசைக் கவிழ்த்து ஆட்சிக்கு வந்த ஒரு ராணுவத் தலைவர், அரசை எதிர்த்துச் செத்தவரின் முகத்தை நோட்டில் போட்டுக்கொண்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போராளி செத்துப்போன பிறகு அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லையே.

சரி, எழுத்துக்கு வருகிறேன். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிக்காரர்கள் பர்மியர்களை வைத்து வேலையை நடத்தினார்கள். வேலைநிறுத்தம் முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியர்களை அனுப்பிவிட்டார்கள். கைகலப்பு கலவரமானது, நிறைய இந்தியர்கள் செத்தார்கள். கப்பல் கம்பெனிக்காரனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்தச் சூட்டில் பா தௌங் என்ற இளைஞர் ஒரு பிரசுரம் வெளியிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் தோபமா, "நாம் பர்மியர்" என்ற இயக்கம். வெள்ளைக்காரனை எஜமான் என்று கூப்பிடப் பயன்பட்ட "தக்கின்" என்ற பட்டத்தைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர்கள் இவர்கள். பிரசுரத்தின் முழக்கத்தைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

பர்மா நம் நாடு. பர்மிய இலக்கியம் நம் இலக்கியம். பர்மிய மொழி நம் மொழி. நம் நாட்டை நேசிப்போம், நம் இலக்கியத்தைப் போற்றுவோம், நம் மொழியை உயர்த்துவோம்.

காரைக்குடியில் இருக்கும் அண்ணனுக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், ஒரு குறும்போடு. "பர்மா", "பர்மிய" என்பதை எடுத்துவிட்டுத் தமிழ்நாடு, தமிழ் என்று மாற்றினேன். உடனே நெருப்புப் பொம்மை மூன்று, கூடவே "38 இந்தி எதிர்ப்பா? யார் எழுதினது? சூப்பர்" என்று பதில். யார் எழுதியது, எப்போது எழுதியது, எந்தக் கலவரத்துக்குப் பின்னால் எழுதியது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அவங்க சொன்னா அது வேற" என்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தாலும் அண்ணனைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த வரிகள் எனக்கும் உள்ளே எங்கேயோ மணி அடிக்கின்றன. நம்மை வெளியே நிறுத்துவதற்காக எழுதப்பட்ட வரி நம் மொழியில் படித்தால் நமக்கே புல்லரிக்கிறது. தேசிய எழுத்தின் பலமும் அதுதான், விஷமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

1937-ல் ரங்கூனில் இரண்டு காரியங்கள் நடந்தன. பர்மா இந்தியாவிலிருந்து தனிக் காலனியாகப் பிரிக்கப்பட்ட வருடம் அது, ஏப்ரல் 1. அதே வருடம் தக்கின் நூவும் நண்பர்களும் நாகனி என்ற புத்தக இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெயருக்குச் செந்நாகம் என்று அர்த்தம், லண்டனின் இடதுசாரிப் புத்தகச் சங்கம் அதற்கு முன்மாதிரி. மார்க்ஸ், ஐரிஷ் போராட்டம், சோஷலிசம் எல்லாம் மலிவு விலையில் பர்மிய மொழியில் வந்தன. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. மார்க்ஸின் மூலதனத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்த அதே நூ, நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி என்று சொல்லித்தரும் டேல் கார்னகியையும் மொழிபெயர்த்தார். பின்னாளில் பிரதமரானபோது கார்னகிதான் அதிகம் உதவியிருப்பார்.

அதே ஊரில், அதே வருடம், வெ. சாமிநாத சர்மா ஜோதி என்ற தமிழ் மாத இதழை நடத்தத் தொடங்கினார். பிளேட்டோவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். குடியாட்சி என்றால் என்ன, சர்வாதிகாரம் எப்படி வருகிறது என்று நம் தாத்தாக்களுக்குப் புரிகிற தமிழில் எழுதியவர். 1942-ல் மனைவியோடு மலையும் காடுமாக நடந்து இந்தியா வந்து சேர்ந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு இந்தியாவை நோக்கிக் கிளம்பியவர்கள் சுமார் 5 லட்சம் பேர், வழியிலேயே செத்தவர்கள் பல்லாயிரம். ஒரே நகரத்தில் நாகனி சர்வாதிகாரத்தைப் பற்றிப் பர்மிய மொழியில் எழுதுகிறது, ஜோதி அதையே தமிழில் எழுதுகிறது. ஒரே டிராம் வண்டியில் இரண்டு ஆசிரியர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கலாம். ஆனால் ஒருத்தர் பத்திரிகையை மற்றவர் படிக்க வழியே இல்லை. ஹென்சாடாவில் ஐயா பேசிய பர்மிய மொழி வட்டிக்கணக்குக்குப் போதும், துண்டுப் பிரசுரம் படிக்கப் போதாது.

இந்த வரலாற்றில் நடந்தவற்றைப் பத்திரிகை ஆபீஸ்கள் வழியாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. எல்லாருமே பத்திரிகைக்காரர்கள். மாண்டலேயில் சிறுவனாக இருந்தபோது 1885-ல் தீபா மன்னரை வெள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்த தக்கின் கோடோ மைங் பெரிய கவிஞர். அவர் வேலை பார்த்தது 1911-ல் தொடங்கிய தூரியா நாளிதழில். தூரியா என்றால் சூரியன். பின்னாளில் பர்மிய விடுதலைக்குத் தலைமை ஏற்ற ஆங் சான் பல்கலைக்கழக மாணவர் இதழான ஓவேயின் ஆசிரியர். 1936-ல் ஒரு பல்கலைக்கழக அதிகாரியை நரகத்து நாய் என்று கிண்டலடித்த கட்டுரையைப் புனைபெயரில் போட்டார். எழுதியவர் பெயரைச் சொல் என்றார்கள், மறுத்தார். கல்லூரியை விட்டு நீக்கினார்கள், மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு பத்திரிகை ஆசிரியர் செய்யவேண்டியதைத்தான் அவர் செய்தார். பர்மாவில் பேச்சுரிமைக்கான பெரிய மாணவர் போராட்டம் இப்படி ஒரு மட்டமான நகைச்சுவைக் கட்டுரையிலிருந்து கிளம்பியது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு பத்திரிகைக்காரர் ஊ சா. சாயா சானின் கருடப் படை நினைவாகக் கலோன் என்று பட்டம் வைத்துக்கொண்டவர். அவர் கையில்தான் பிறகு தூரியா போனது. 1938 ஜூலையில் ஒரு பழைய மதக் கண்டனப் புத்தகத்தைச் சாக்காக வைத்து இந்திய முஸ்லிம்கள்மேல் கலவரம் வெடித்தபோது, எண்ணெய் ஊற்றிய பத்திரிகைகளில் தூரியாவும் ஒன்று என்று விசாரணைக் குழுவே குற்றம் சொன்னது. அதே வருடம் டிசம்பரில், அதே ரங்கூனில், இன்னொரு கூட்டம் தெருவில் இறங்கியது. எண்ணெய் வயல் தொழிலாளர்கள் ரங்கூனை நோக்கி நடந்தே வந்துகொண்டிருந்தார்கள், மாணவர்கள் செயலகத்தைச் சுற்றி வளைத்தார்கள், போலீஸ் அடியில் ஆங் ஜோ என்ற மாணவர் இறந்தார். ஜூலையில் கையில் அரிவாள், டிசம்பரில் கையில் கோரிக்கைப் பட்டியல். அரிவாளுக்குப் பின்னால் இருந்த பத்திரிகை நன்றாகவே விற்றிருக்கும். தலைமை யார், சட்டசபை எப்படி அமையவேண்டும், சிறுபான்மையினருக்கு என்ன உத்தரவாதம் என்றெல்லாம் எழுதினால் இன்றைக்கும் யார் படிக்கிறார்கள்? எதிரி யார் என்று எழுதினால் உடனே பகிர்கிறோம்.

ஆங் சானும் பிறக்கும்போதே ஜனநாயகவாதி இல்லை. 1941-ல் அவர் ஜப்பானில் இருந்தபோது எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு திட்டவரைவு இருக்கிறது. அவரே எழுதினாரா, ஜப்பானியர் எழுதிக் கொடுத்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒரே தேசம், ஒரே அரசு, ஒரே கட்சி, ஒரே தலைவர் என்கிறது அது. பிறகு ஜப்பான் கொடுத்த "சுதந்திரம்" எப்படிப்பட்டது என்று கிட்டே இருந்து பார்த்தார். 1945 மார்ச் 27 அன்று படையோடு ஜப்பானுக்கு எதிராகத் திரும்பினார். நேதாஜியின் படை ஜப்பானோடு நின்றது. நம் ஊர்க் கதைகளில் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுவோம்.

அதற்குப் பிந்தைய ஆங் சான் பேச்சுகளைச் சில்வர்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தொகுத்திருக்கிறார். அதை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். 1946 ஜனவரியில் ஷ்வேடகன் கோயிலில் நடந்த மாநாட்டுப் பேச்சு ரொம்ப நீளம், பாதி பொருளாதாரம், சில இடங்களில் தூக்கம் வரும். நடுவில் நிமிர்ந்து உட்கார வைக்கிறார். அரசியலையும் மதத்தையும் கலக்காதீர்கள் என்று பௌத்தக் கோயில் வளாகத்திலேயே நின்று சொல்கிறார். தேசம் என்பதைப் பற்றி அந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் வந்து சேர்ந்த இடம் சுருக்கமாக இதுதான்: இனம், மதம், மொழி எல்லாம் முக்கியம், ஆனால் நல்லதிலும் கெட்டதிலும் சேர்ந்து வாழ்வோம் என்ற விருப்பம்தான் ஒரு கூட்டத்தைத் தேசம் ஆக்குகிறது. தோபமா முழக்கத்திலிருந்து இது எவ்வளவு தூரம்! 1946 ஜூலையில் நேதாஜியின் அண்ணன் சரத் சந்திர போஸ் ரங்கூன் வந்தபோது, இந்தியர்கள்மேல் எங்களுக்கு இனப்பகை இல்லை என்று வெளிப்படையாகப் பேசினார். அதே சமயம், மேற்கத்திய பாராளுமன்ற ஜனநாயகம் முதலாளிகளுக்குத்தான் வசதி என்றும், வேறொரு மக்கள் ஜனநாயகம் வேண்டும் என்றும் சொல்கிறார். அது எப்படி இயங்கும், ஆட்சியிலிருப்பவரை எப்படி இறக்குவது என்ற கணக்கு அவரிடம் தெளிவாக இல்லை. இருந்திருந்தால் எப்படி ஆகியிருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. முப்பத்திரண்டு வயதில் முடிந்துவிட்டது.

1947 ஜூலை 19, காலை 10.37. செயலகத்தில் அமைச்சரவைக் கூட்டம். ஆட்கள் நுழைந்து சுட்டார்கள். அனுப்பியவர் ஊ சா, அந்தத் தூரியா ஊ சா. செத்தவர்களில் ஆங் சான் இருந்தார். டீடொக் என்ற இதழை நடத்திய பா சோ இருந்தார், அவரும் பத்திரிகைக்காரர், தகவல் அமைச்சர். அப்புறம் அப்துல் ரசாக். இந்தியத் தகப்பனாருக்கும் பர்மியப் பௌத்தத் தாய்க்கும் மெய்க்டீலாவில் பிறந்தவர். 1920-ல் வெள்ளைக்காரன் கல்விக்கு எதிராகக் கிளம்பிய தேசியப் பள்ளி இயக்கத்தில் மாண்டலே பள்ளிக்குத் தலைமையாசிரியர். பர்மா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர். கல்வி, திட்ட அமைச்சர். பர்மிய தேசியம் உருவாக்கிய அமைச்சரவையில் ஓர் இந்திய வம்சாவளிக்காரர் உட்கார்ந்திருந்தார், அந்த நாற்காலியிலேயே உயிரை விட்டார். இதை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நிலம் போன கதையில் இவருக்கு இடமில்லை.

என்னோடு வேலை பார்க்கும் பர்மியப் பெண்ணிடம் மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டே ரசாக்கைப் பற்றிக் கேட்டேன். தியாகிகள் ஒன்பது பேர் பெயரையும் வாய்ப்பாடு மாதிரி மடமடவென்று ஒப்பித்தாள். ஜூலை 19 அன்று 10.37-க்குச் சங்கு ஊதும், கார்கள் ஹாரன் அடிக்கும், பள்ளியில் நின்று மௌனம் காப்போம் என்றாள். ரசாக் யார், அவர் அப்பா எங்கிருந்து வந்தார் என்று பாடத்தில் வந்ததா என்று கேட்டேன். யோசித்தாள். "ஆசிரியர் என்று வந்தது." அவரைப் போலக் கலந்து பிறந்த ஒருத்தர் இன்றைக்கு அங்கே அடையாள அட்டைக்குப் போனால்? கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்: தாத்தாவின் அட்டை, பாட்டியின் அட்டை, குடும்பப் பட்டியல், வார்டு அலுவலகக் கடிதம், அதற்கு மேல் கொஞ்சம் காசு. 1982 குடியுரிமைச் சட்டம் 1823-க்கு முன்பே அங்கே குடியிருந்த இனங்கள் என்று கோடு போட்டு வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் முதல் பர்மா யுத்தத்தைத் தொடங்கியது 1824-ல். சேர்ந்து வாழும் விருப்பம் என்று ஆங் சான் சொன்னதை எடுத்துவிட்டு, ஒரு வருடத்தை வைத்துவிட்டார்கள். ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரிக்குப் பிறகு இதையெல்லாம் தன் வயசுக்காரர்கள் வேறுமாதிரி பேசத் தொடங்கியிருக்கிறார்கள் என்றாள். என்ன மாதிரி என்றேன். "முன்னாடி கேட்காதவங்ககிட்ட இப்போ கேட்கிறோம்" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை, பக்கத்து மேசையில் ஆள் வந்து உட்கார்ந்தார்.

அண்ணனிடம் இன்னும் அந்த ஹென்சாடா பத்திரங்கள் இருக்கின்றன, ஒரு டிரங்குப் பெட்டியில், பர்மிய முத்திரைத்தாள். நான் கணக்குக்காரி என்பதால், இதற்கு நஷ்டஈடு ஏதாவது தேறுமா என்று அடிக்கடி கேட்பார். தேறாது என்று நானும் அடிக்கடி சொல்வேன். இந்தப் பதிவின் வரைவை நேற்று ராத்திரி அவருக்கு அனுப்பிவைத்தேன். காலையில் பதில் வந்தது. சாயா சான், ஆங் சான், நாகனி, எதைப் பற்றியும் ஒன்றும் இல்லை.

"அந்த ரசாக் நம்ம பக்கமா? கீழக்கரையா, தொண்டியா?"

மெய்க்டீலா என்று பதில் போட்டேன்.